மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

2018 செப்டம்பர் 28 அன்று நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தினீர்கள், நினைவிருக்கும். ஆன்லைனில் விற்றால் டாக்டர் சீட்டு இல்லாமலேயே கண்டவர் கைக்கும் கண்ட மருந்தும் போய்விடும் என்றீர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் சாயங்காலம் உங்கள் கடையில் என்ன நடக்கிறது? "அண்ணே, சளி, தொண்டை வலி, ஒரு செட் கொடுங்க" என்று ஒருவர் கேட்டதும் ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, கூடவே செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ரெண்டு மட்டும் வெட்டிச் சின்னக் கவரில் போட்டு நீட்டுகிறீர்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர்கூடப் பாதிதான் இருக்கும்.

செஃபிக்சிம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. 2014 மார்ச் முதல், சீட்டு எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த ரெண்டு மாத்திரையை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?

வைரஸால் வந்த சளிக்கு அது ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் கிருமிகளில் மருந்துக்கு அடங்குவது சாகும், அடங்காதது பெருகும், பெருகியது தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். அப்புறம் ஒருநாள் அந்தக் கிருமி மாத்திரை வாங்கியவர் வீட்டுப் பச்சைக் குழந்தைக்குப் பரவி, இரத்தத்தில் தொற்று என்று ஐசியூவில் சேர்த்தால் வழக்கமான ஊசி எதுவும் கேட்காமல் போகலாம். மெரோபெனம், அதுவும் கேட்காவிட்டால் கோலிஸ்டின் என்று கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக் ஊசிகளுக்குப் போகும், நகை அடகுக்குப் போகும். 2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகத்தில் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று கணக்கு.

கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டு டாக்டர் ஃபீஸும் கொடுக்க முடியாதுதான். அவருக்குப் பாராசிட்டமால் கொடுங்கள், மூணு நாளில் விடவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே காசு வாங்க மாட்டார்கள். (சாதாரண சளிக்கே ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர்களுக்கு இதைவிடக் காட்டமாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

"நான் கொடுக்கலேன்னா பக்கத்துக் கடையில வாங்கிப்பாங்க" என்பீர்கள். சரி, அதற்குத்தானே சங்கம்? கேரளாவில் 2024ல் அரசே கடை கடையாகத் திடீர் சோதனைக்குப் போனது. இங்கே அதுவரை காத்திருக்காமல், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் நீங்களே தீர்மானம் போட்டு, எல்லாக் கடையிலும் ஒரே நாளில் போர்டு மாட்டுங்கள். ஒரே நாளில் எல்லாரும் ஷட்டரை இறக்கியவர்கள்தானே நீங்கள்.