நன்றிப் பக்கத்துல எடம் பத்தல, அதான் இந்த மடல்

நம்ம ஞாயித்துக்கெழம எழுத்துக் கூட்டத்து மக்களே, எல்லாருக்கும் வணக்கம். என் நாவல் பிரிண்ட் ஆகி கைக்கு வந்துடுச்சுன்னு போன்லயே சொல்லிட்டேன், இது அதுக்கில்ல. பதிப்பாளர் நன்றி சொல்லிக்கன்னு குடுத்தது அரைப் பக்கம், அதுல வீட்டு ஆளுங்க, அட்டை வரைஞ்சவர், அச்சகத்துக்காரங்கன்னு எல்லாரையும் போட்டுட்டு, கடைசியா "மற்றும் நண்பர்களுக்கு"ன்னு ஒரே வார்த்தைல உங்க மொத்தப் பேரையும் அமுக்க வேண்டியதாப் போச்சு. பாத்ததுலேர்ந்து உறுத்திட்டே இருக்கு. ஒரு வார்த்தைல அடங்குற ஆளுங்களா நீங்க? அதான் எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிடலாம்னு. பேர் போடல, போட்டா யாரு பேர் மொதல்ல வந்துச்சுன்னு அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வெப்பீங்க. யாரச் சொல்றேன்னு அவங்கவங்களுக்குத் தெரியும்.

நாவல் எழுத ஒரு ரூமும் ஒரு கதவும் இருந்தாப் போதும்னு ரொம்ப காலம் நெனச்சிட்டிருந்த ஆள் நான். எழுதறது தனியாத்தான், இப்பவும் அப்டித்தான், எந்தக் குழுவும் வந்து நமக்கு ஒரு வரி எழுதிக் குடுக்கப்போறதில்ல. ஆனா முடிக்கறதுன்னு ஒண்ணு இருக்கே! பாதி தாண்டுனதும் ஒரு எடம் வரும் பாருங்க, ஆரம்பிச்சப்ப இருந்த வேகம் போயிருக்கும், கதை எங்க போகுதுன்னு நமக்கே தெரியாது, அந்த நேரம் பாத்து புதுசா இன்னொரு கதை மண்டைக்குள்ள வந்து நின்னு என்ன எழுதேன் என்ன எழுதேன்னு கெஞ்சும். அங்க என்ன இழுத்துப் புடிச்சு வெச்சது என்னோட வைராக்கியம்லாம் கெடையாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் போனா "என்னாச்சு, அவ அந்த லெட்டரப் பிரிச்சாளா இல்லையா?"ன்னு கேக்க டீச்சரம்மா உக்காந்திருப்பாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுங்கற ஒரே கவலைதான். டீச்சரம்மா, நீங்க வெறும் ஆர்வத்துல கேட்டீங்க, அது எனக்குத் தெரியும், ஆனா அந்த லெட்டரப் பிரிக்கற அத்தியாயம் நீங்க கேட்டதாலதான் எழுதப்பட்டுச்சு, இல்லன்னா அது இன்னும் டிராயருக்குள்ளதான் இருந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்துன்னு நெனச்சேன், இல்லையாம். டோல்கீன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆரம்பிச்சது 1937 கடைசில, மொதல் பாகம் வெளிய வந்தது 1954ல. அத்தன வருஷத்துல அவரு எத்தன தடவ நிறுத்திட்டு நிறுத்திட்டு ஆரம்பிச்சாரு! ஆக்ஸ்ஃபோர்டுல அவரோட எழுத்தாள நண்பர் சி.எஸ். லூயிஸ் ரூம்ல ஒரு சின்ன கூட்டம் கூடும், எழுதுனத எழுதுன சூட்டோட அங்க வாசிச்சுக் காட்டுவாங்க. பின்னாடி 1965ல ஒரு கடிதத்துல, லூயிஸுக்கு நான் பட்ட கடன் அவரோட தாக்கத்தால இல்ல, அவர் குடுத்த ஊக்கத்தாலதான், ரொம்ப நாள் எனக்கு இருந்த ஒரே வாசகர் அவர்தான்னு டோல்கீனே எழுதிருக்காரு. அவ்ளோ பெரிய ஆளுக்கே ஒருத்தர் உக்காந்து கேக்க வேண்டியிருந்துச்சுன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.

அடுத்து நம்ம வாய்ப்பூட்டு ரூல். எழுதுனவங்க வாயத் தொறக்கக் கூடாது, சுத்தி உக்காந்திருக்கறவங்க ஒவ்வொருத்தரா சொல்லி முடிக்கணும், அதுக்கப்புறம்தான் எழுதுனவங்க பேசலாம். மொத நாள் இதக் கேட்டதும் இது என்னய்யா கோர்ட்டான்னு தோணுச்சு. இத்தனைக்கும் நம்ம டைமர் அண்ணன் இத என்னமோ அவரே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லிட்டுத் திரியறாரு (அண்ணே மன்னிச்சுக்கோங்க), அமெரிக்காவுல மில்ஃபோர்டுங்கற ஊர்ல 1956லேர்ந்து சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதறவங்க கூடி நடத்துன பட்டறையோட பேர்லதான் இந்த முறையே இருக்கு, 1968ல கிளாரியன்ங்கற இன்னொரு எழுத்துப் பட்டறைக்குப் போயி அங்கேர்ந்து உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா அண்ணே, அத விடாப்பிடியா நடத்துனதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும், ஏன்னா வாய மூடிட்டு உக்காந்தப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. புத்தகத்த வாங்கிப் படிக்கறவரு பக்கத்துல நான் போயி நின்னு "இல்லைங்க, அவன் ஏன் கோவப்பட்டான்னா"ன்னு விளக்கிட்டிருக்க முடியாது, பேப்பர்ல இருக்கறதுதான் கதை. "எனக்கு இந்த எடத்துல தூக்கம் வந்துடுச்சு"ன்னு நீங்க சொன்னப்ப பதில் சொல்ல வாய் துடிச்சுது, பதில் சொல்ல விட்டிருந்தா அந்த நாலு பக்கமும் இன்னைக்கு புத்தகத்துல இருந்திருக்கும்.

அப்புறம், எழுதுனவங்க வாசிக்காம வேற ஒருத்தர் வாசிக்கணும்னு கொண்டுவந்தாரே கவிதைத் தம்பி, அந்த ஐடியாவுக்கு தனியா ஒரு கும்புடு. நாமளே வாசிச்சா எங்க நிறுத்தணும் எங்க இழுக்கணும்னு தெரிஞ்சு சமாளிச்சிடுவோம். தம்பி என் அத்தியாயத்த வாசிக்கும்போது ஒரு வாக்கியத்துல ரெண்டு தடவ திக்குனான், திரும்ப மேலேர்ந்து ஆரம்பிச்சான், அப்பயும் "அக்கா, யாரு இத சொல்றது, அப்பனா புள்ளையா?"ன்னு நிமிந்து பாத்தான். யாருமே கமெண்ட் சொல்லத் தேவைப்படல. வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்த மூணா ஒடச்சேன், அப்பன் பேசறது தனியா, புள்ள பேசறது தனியா, நடுவுல கதவு சாத்துற சத்தம். இப்ப அந்த சீனத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க.

ஒற்றுப்பிழை அய்யாவ விட முடியுமா. "கேட்டுப் பார்த்தான்"னா ப் வரும், "வந்து பார்த்தான்"னா வராது, ரெண்டும் உகரத்துல முடியற வினையெச்சம்தானே அப்புறம் ஏன்னு நான் சண்டைக்குப் போக, கேட்டுல கடைசி எழுத்துக்கு முன்னாடி வல்லின ட் இருக்கு, அதனால வன்தொடர், வந்துல மெல்லின ந் இருக்கு, அதனால மென்தொடர்னு பொறுமையா உக்காந்து காட்டுனீங்க. முழு டிராஃப்டையும் செவப்பு பேனால ஒரு வரி விடாம பாத்துக் குடுத்தீங்க, வெளில எடிட்டர் யாராச்சும் பாத்திருந்தா அதுக்குன்னு தனியா ஃபீஸ் வாங்கிருப்பாங்க. உங்களுக்கு கை வலி இருக்குன்னு எனக்கு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது அய்யா.

வக்கீல் அக்காவுக்கும் ஒண்ணு சொல்லணும். மொதல்ல வந்த அக்ரிமெண்ட்ல கண்ண மூடிட்டு கையெழுத்துப் போடற மூட்ல இருந்தேன், புத்தகம் வருதுங்கற சந்தோஷத்துல யாரு பத்தி பத்தியா படிக்கறது. அக்காதான் வாங்கிப் படிச்சுட்டு, பதிப்புரிமைய மொத்தமா எழுதிக் குடுக்கறது வேற, இந்தப் பதிப்ப மட்டும் போட்டுக்கன்னு அனுமதி குடுக்கறது வேற, இதுல மொத்தமா கேட்டிருக்காங்கன்னு வெரல வெச்சுக் காட்டுனாங்க. எழுதுன அன்னைக்கே உரிமை எழுதுனவங்களோடதுதான், எங்கயும் போயி பதிவு பண்ணணும்னு கூட இல்ல, 1886ல போட்ட பெர்ன் ஒப்பந்தம் அதுக்குத்தான் இருக்கு, அதுல இருக்கற நாடுகள்ல பொதுவா ஆயுசுக்கும், அதுக்கப்புறம் கொறஞ்சது 50 வருஷமும் அது நெலைக்கும்னு அவங்க சொல்லித்தான் தெரியும். அந்தப் பதிப்பகம் வேண்டாம்னு வந்துட்டேன், இப்ப போட்டிருக்கறது வேற எடம்.

ஆனா இதுக்கெல்லாம் மேல நீங்க குடுத்தது ஒண்ணு இருக்கு, அது குடுத்தோம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. உங்க மொத டிராஃப்டுங்க. கடைல வாங்குற புத்தகம் எல்லாம் குளிச்சு தலை சீவிட்டு வந்து நிக்கும், அதப் பாத்துப் பாத்து நல்லா எழுதறவங்களுக்கு எடுத்த எடுப்புலயே அப்டித்தான் வரும்போலன்னு நம்பிட்டிருந்தேன். நம்ம கூட்டத்துலயே நல்லா எழுதற ஆளுன்னு எல்லாரும் ஒத்துக்கற அந்த அக்காவோட மொத வடிவத்தப் பாத்தப்பதான் (அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க) அப்பாடான்னு இருந்துச்சு, கேரக்டர் பேரு நடுவுல மாறுது, ஒரு பக்கத்துல "இங்க ஏதாச்சும் நடக்கணும்"னு மட்டும் எழுதி வெச்சிருக்கீங்க! அதே கதை நாலஞ்சு வாட்டி மாறி மாறி கடைசில என்னவா வந்துச்சுன்னு கூடவே இருந்து பாத்தேன். எழுதறதப் பத்தி நான் கத்துக்கிட்டதுல பாதி, உங்க டிராஃப்டுக்கு கமெண்ட் எழுத உக்காந்தப்ப கத்துக்கிட்டதுதான்.

எல்லாமே இனிப்பா இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. தன்னோடத வாசிச்ச கையோட பைய எடுத்துட்டு கெளம்புற ஆளுங்க உண்டு, அவங்களுக்கு நன்றி கெடையாது, போங்க. எதச் சொன்னாலும் "அருமை"ங்கறவங்களுக்கு பாதி நன்றி. ஒண்ணுமே எழுதாம, ஒண்ணுமே சொல்லாம ஓரமா உக்காந்து கேட்டுட்டு மட்டும் போற அந்தப் பெரியவருக்கு முழு நன்றி, நீங்க சிரிச்சா அந்த வரிய நான் தொட மாட்டேன்.

புத்தகம் ஆளுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம கொண்டு வர்றேன், காசு யாரும் நீட்டக்கூடாது. வக்கீல் அக்கா, உங்க சிறுகதைக் கட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, பாதி குறிச்சாச்சு, மிச்சத்தையும் அன்னைக்குள்ள முடிச்சுடறேன். அந்த கெணறு வர்ற கதையோட முடிவுல எனக்கு உங்களோட பெரிய சண்டை இருக்கு, நேர்ல வாங்க.