உமி பாய்லரும் நம்ம ஊரு மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல படிக்கிற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்தவன், எங்க கேம்பஸ் பவர் பிளான்ட்ல ஓட்ஸ் உமிய எரிக்கிறாங்க மாமான்னு பெருமையா சொன்னான், எனக்கு சிரிப்பு வந்திருச்சு, எங்க தாத்தா ஊரு ரைஸ் மில்லுல நெல் அவிக்க உமியத்தானே அள்ளிப் போடுவாங்க, இதுல என்னடா புதுசுன்னு கேட்டேன்.

அப்புறம் தேடிப் படிச்சேன். பக்கத்துல சீடர் ராபிட்ஸ்ங்கிற ஊர்ல குவேக்கர் ஆலை இருக்கு, நாம காலைல கஞ்சி காய்ச்சுற அதே குவேக்கர்தான், அங்க மிஞ்சுற உமிய 2003லேர்ந்து வாங்கி நிலக்கரியோட கலந்து எரிக்க ஆரம்பிச்சாங்க. கரண்டும் வருது, அதே நீராவியில கட்டடங்களுக்கு சூடும் போகுது.

நான் இங்க சிங்கப்பூர்ல, துவாஸ்ல பாய்லர் பார்த்தவன். எங்களுக்கு வந்தது மரச்சில்லு. பச்சை மரத்துல பாதி எடை தண்ணிதான், டிசம்பர் மழையில வேற நனைஞ்சு வந்துச்சுன்னா போடுற சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிரும், பிரஷர் ஏறாது, கன்வேயர் சிக்கிக்கும், நைட் ஷிப்ட்ல கம்பிய வச்சு குத்திக்கிட்டே நிக்கணும். உமி காஞ்சு வரும், ஒரே அளவா இருக்கும். ஆனா ரொம்ப லேசு, லாரி நிறைய ஏத்துனாலும் எடை நிக்காது, அதனால ஆலை கிட்டக்க இருந்தாத்தான் கட்டுபடியாகும்.

இங்க சிங்கப்பூர் யூனிவர்சிட்டியிலயும் இப்படி செய்யலாமேன்னு தங்கச்சி மகன் கேக்குறான். செய்யலாம், ஆனா அங்க உமி தள்ளிவிட்டது நிலக்கரிய. நம்ம கரண்டுல ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயு, அது நிலக்கரியில பாதி அளவுதான் கரியமில வாயு விடும், அப்ப நமக்கு லாபமும் கம்மிதான். இதுக்காக வெளிநாட்டுலேர்ந்து கப்பல்ல மரம் இறக்குறதுல எனக்கு சம்மதமே இல்ல.

நம்ம சாலையோரத்துல வெட்டுற கிளைங்கள வச்சுன்னா சரி. கரையோரப் பூந்தோட்டத்துல (கார்டன்ஸ் பை த பே) 2012லேர்ந்து அதத்தான் எரிச்சு, அந்த சூட்டுலயே செடி வளர்க்குற கண்ணாடி மாளிகைய குளிர வைக்கிறாங்க. வீட்டுக்காரம்மா கீழ நின்னு போட்டோ எடுக்குற, அங்க இருக்குற சூப்பர்ட்ரீங்கிற இரும்பு மரங்கள்ல சிலது அந்த பாய்லருக்கு புகைபோக்கி, சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க! நமக்கும் வேண்டியது சூடு இல்ல, ஏர்கான்தான்.

படிக்கிற பிள்ளைங்க யாராச்சும் இத புராஜெக்டா எடுத்தா, பாய்லர் விலைய அப்புறம் பாருங்க, முதல்ல சில்லோட ஈரத்த அளங்க, கூரை போட்ட கிடங்குக்கு இடம் இருக்கான்னு பாருங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர்,
ஜூரோங் வெஸ்ட்