ரே ஸ்காட் போய்விட்டார்

ஹன்ட்ஸ்வில்
மே 2022

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பதில் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதக் காரணம் வேறு. பாஸ் மீன் தூண்டில் போட்டிகளைப் பெரிதாக்கினாரே, அந்த ரே ஸ்காட் இறந்துபோய்விட்டார். மே 8-ம் தேதி, 88 வயது. மின்னசோட்டா போனதிலிருந்து உனக்கு வால்ஐ மீனைத் தவிர வேறு நினைப்பில்லை, கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அலபாமாவில் தூண்டில் கடையில் இதே பேச்சுதான்.

அவரை நீ "தொப்பிக்காரன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் புத்தி" என்பாயே. ஏஜென்ட்தான், யார் இல்லை என்றது? 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் மீன் போட்டி, தலைக்கு 100 டாலர் கட்டு என்றால் அந்தக் காலத்தில் எவன் கட்டுவான்? பேசியே 106 பேரைக் கட்டவைத்துவிட்டார். மறு வருஷமே பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம், ஒரு பத்திரிகை. 1971-ல் சங்கத்தின் சாம்பியன் போட்டியான கிளாசிக்கை முதல் தடவை நடத்தினாரே, அதுதான் உச்சம். 24 பேரை விமானத்தில் ஏற்றி, மேலே போன பிறகுதான் எந்த ஏரி என்றே சொன்னார். நெவாடா பக்கம் இருக்கும் லேக் மீட்! பாபி மர்ரி ஜெயித்து 10,000 டாலரைத் தட்டிக்கொண்டு போனார்.

இதெல்லாம் வியாபாரம், விடு. ஆற்றில் கழிவைக் கொட்டிய கம்பெனிகள் மேல் சுமார் 200 வழக்குப் போட்டாரே, அதற்கு என்ன சொல்கிறாய்? அப்புறம் 1972. கொலராடோவில் ஃப்ளை ஃபிஷிங் ஆட்கள், அதாவது பூச்சி மாதிரி செய்த போலி இரையால் மீன் பிடிப்பவர்கள், ஒரு டிரவுட் மீனைத் திரும்ப விட்டுக் குதூகலித்ததைப் பார்த்துவிட்டு வந்து, பிடித்ததைக் கொல்லாதே என்று ஆரம்பித்தார். உயிரோடு கொண்டுவந்தால் எடையில் போனஸ். படகில் காற்று ஊட்டும் தண்ணீர்த் தொட்டி வந்தது அதனால்தான். கருணை என்று சொல்ல மாட்டேன். ஏரி காலியானால் சந்தாவும் காலி என்று தெரிந்தவர். ஆனாலும் பொரித்துத் தின்பதையே பெருமையாக நினைத்த ஊரில், மீனைக் கொல்வதை வெட்கப்படும் காரியமாக மாற்றியது லேசா?

போன ஞாயிறு கன்டர்ஸ்வில் ஏரியில் நல்ல லார்ஜ்மவுத் பாஸ் ஒன்று கிடைத்தது. கீழ் உதட்டைப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். செவுள் நாலு தரம் திறந்து மூடியது, கட்டைவிரலைச் சுரண்டிவிட்டு ஒரே பாய்ச்சல்.

எனக்கு இருக்கிற உறுத்தல் வேறு. போட்டிகளில் ஜூலை வெயிலில் நாள் முழுக்கத் தொட்டியில் கிடந்த மீனை எடை போடும் மேடையில் தூக்கிக் காட்டிவிட்டு விடுகிறார்கள். தண்ணீர் சூடாக ஆக, விட்ட பிறகு சாவதும் கூடும். அதை யார் எண்ணுகிறார்கள்? இப்போது படகிலேயே எடை போட்டு, அங்கேயே விடும் போட்டிகளும் வந்துவிட்டன. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. கிழவர் ஒத்துக்கொண்டிருப்பாரா, சந்தேகம்தான். மேடையும் மைக்கும் இல்லாமல் அவருக்கு என்ன போட்டி?

சரி, அக்டோபரில் வா. வெளிமாநில லைசென்ஸ் எடுத்துவிடு, போன தடவை மாதிரி கரையில் உட்கார்ந்து எனக்கு யோசனை சொல்லாதே. என் ரீல் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
மணி