இடைப்பட்ட பதினொரு வாரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் எந்த அதிபர் வந்தாலும் வெளியுறவுக் கொள்கை பெரிதாக மாறிவிடாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேட்டோ, டாலர், ராணுவத் தளங்கள் என்று கட்டுரையாளர் அடுக்கியிருக்கும் சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தம் கணக்கை, புதிய அதிபர் பதவியேற்கும் ஜனவரி 20-ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறார். நவம்பர் தொடக்கத்தில் தேர்தல் முடிந்துவிடுகிறது. ஆள் மாறும்போது, அன்றிலிருந்து பதவியேற்பு வரை ஏறத்தாழ பதினொரு வாரங்கள், தோற்றவரோ விடைபெறுபவரோதான் நாற்காலியில் இருக்கிறார். அந்த நாட்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. உலக விவகாரங்களில் சிக்கல் விழுவதே அந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

1981 ஜனவரி 20 அன்று பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். வாஷிங்டனில் நண்பகல் என்றால் நமக்கு இரவு பத்தரை மணி. விளக்கணைத்த பிறகு நண்பனின் டிரான்சிஸ்டரைத் தலையணையோடு ஒட்டி வைத்துக்கொண்டு சிற்றலையில் பி.பி.சி. கேட்டோம். கரகரப்புக்கு நடுவே ரீகன் பதவியேற்ற செய்தி வந்தது. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிடித்து வைக்கப்பட்ட பிணைக்கைதிகளோடு டெஹ்ரானிலிருந்து விமானம் கிளம்பிவிட்ட செய்தியும் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தது. 52 பேர், 444 நாட்கள். “ரீகன் பெயரைக் கேட்டதுமே நடுங்கிவிட்டார்கள், பார்த்தாயா!” என்றான் நண்பன். நானும் வெகுகாலம் அப்படியே நம்பியிருந்தேன்.

வரலாற்று ஆசிரியராகி, விவரமாகப் படித்த பிறகுதான் அந்தக் கதை தலைகீழானது. விடுதலைக்கான உடன்பாடு முந்தைய நாளே, ஜனவரி 19 அன்றே, அல்ஜீரியாவின் மத்தியஸ்தத்தில் கையெழுத்தாகியிருந்தது. அதைப் பேசி முடித்தவர், தேர்தலில் ரீகனிடம் தோற்றிருந்த அதிபர் கார்ட்டர் அரசின் வெளியுறவுத் துணை அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர். ஈராக்குடன் போரில் மாட்டியிருந்த ஈரானுக்கு, அமெரிக்கா முடக்கி வைத்திருந்த பணம் உடனடியாகத் தேவைப்பட்டது. புதியவர் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்குமே என்ற கவலையும் இருந்தது. ஆக, ஆட்சி மாறப்போகும் தேதிதான் பேச்சை முடிவுக்குத் தள்ளியது. ஆனால் கார்ட்டர் பதவியில் இருக்கும்வரை விமானத்தைக் கிளம்பவிடக் கூடாது என்பதில் டெஹ்ரான் பிடிவாதமாக இருந்தது. கடைசி இரண்டு இரவுகள் சரியான உறக்கமின்றித் தொலைபேசியருகே காத்திருந்த மனிதர், விடுதலையானவர்களை மறுநாள் ஜெர்மனியின் வீஸ்பாடனில் சந்தித்தபோது முன்னாள் அதிபர். ரீகனின் தூதராகத்தான் அங்கே போனார்.

இவ்வளவு நீண்ட இடைவெளி எதற்கு? முன்பு இது இன்னும் நீளம். மார்ச் 4 வரை போகும். குதிரை வண்டிக் காலத்து ஏற்பாடு. 1933-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஜனவரி 20 ஆக்கினார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் தேர்தலுக்கு மறுநாளே பழைய பிரதமர் பெட்டி படுக்கையோடு வெளியேறிவிடுகிறார்.

தோற்ற பிறகும் அதிபருக்கு முழு அதிகாரம் உண்டு என்பதற்குச் சோமாலியா ஓர் உதாரணம். 1992 நவம்பரில் கிளிண்டனிடம் தோற்ற மூத்த புஷ், டிசம்பரில் அங்கே படையை அனுப்பினார். பசிப்பிணி தீர்க்கப் போன படைதான். அடுத்த அக்டோபரில் மொகதிசுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தபோது பதில் சொல்ல வேண்டியிருந்தவர் கிளிண்டன்.

அதே கிளிண்டன் எட்டு ஆண்டுகள் கழித்து இதன் மறுபக்கத்தைப் பார்த்தார். இதைக் கட்டுரையாளர் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2000 அக்டோபரில் வட கொரியாவின் மூத்த தளபதி ஜோ மியோங் ரோக் முழு ராணுவச் சீருடையில் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். அதே மாதம் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் பியோங்யாங் போனார். ஏவுகணைத் திட்டத்தை நிறுத்துவது பற்றிய பேச்சு பழுத்து வந்தது; அதிபரே அங்கே போவது பற்றியும் யோசித்தார்கள். நவம்பரில் தேர்தல் நடந்தது, புளோரிடா வாக்கு எண்ணிக்கை வழக்கில் மாட்டி 36 நாட்கள் இழுத்தது. போகவில்லை என்று டிசம்பர் இறுதியில் கிளிண்டன் அறிவித்துவிட்டார்.

2001 மார்ச் 6 அன்று புதிய வெளியுறவு அமைச்சர் காலின் பவல், கிளிண்டன் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்றார். மறுநாள் தென் கொரிய அதிபர் கிம் டே ஜுங் வந்திருந்தார். வடக்கோடு சமாதானம் பேசியதற்காகச் சில மாதங்களுக்கு முன்புதான் நோபல் பரிசு வாங்கியவர். அவரோடு புதிய அதிபர் இளைய புஷ் பேசிக்கொண்டிருக்கும்போதே பவல் வெளியே வந்து, அப்படி உடனடிப் பேச்சு எதுவும் இல்லை என்று தம் சொல்லையே மாற்றிச் சொன்னார். ஒரே நாளில்! அடுத்த ஜனவரியில் வட கொரியா, புஷ் பகை நாடுகளுக்குச் சூட்டிய ‘தீய அச்சு’ பட்டியலில் ஒன்றானது. 2006 அக்டோபரில் அது முதல் அணுகுண்டைச் சோதித்தது. கிளிண்டன் போயிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நடுப்பேச்சில் எதிராளியின் முகமே மாறிவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த முறை எதை நம்பி உட்காருவார்?

நான் தலைமையாசிரியராக மாறுதலாகிப் போன பள்ளி ஒன்றில், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் உலக உருண்டை, சுவர் வரைபடம், உடைந்த நாற்காலிகள் வரை எல்லாம் இருந்தன. முந்தையவர் பெற்றோருக்கு வாய்மொழியாகக் கொடுத்திருந்த வாக்குகள் மட்டும் இல்லை. முதல் வாரமே வாசலில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தை வல்லரசோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், மன்னியுங்கள்.

சமீபத்தில் ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் காசா போர்நிறுத்தப் பேச்சில், பைடனின் பிரதிநிதி பிரெட் மெக்கர்க்கும் டிரம்ப்பின் தூதர் ஸ்டீவ் விட்காஃபும் தோஹாவில் இணைந்து வேலை செய்தார்கள். 15-ஆம் தேதி அறிவிப்பு, 19-ஆம் தேதி அமல். மார்ச் 18 அன்று இஸ்ரேலின் குண்டுவீச்சோடு அது முறிந்துபோனது வேறு கதை. அறிவிப்பு வந்த அன்று, இதன் பெருமை உங்களுக்கா, டிரம்ப்புக்கா என்று ஒரு நிருபர் கேட்டார். “இதென்ன வேடிக்கையா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போனார் பைடன். வாஷிங்டனில் கார்ட்டரின் இறுதிச் சடங்கு முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை