காரிமங்கலம் பெரியவருக்கு நன்றி

கிருஷ்ணகிரி – தருமபுரி சாலையில், காரிமங்கலம் தாண்டி எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடர் நின்றபோது டிவிஎஸ் 50-ஐ ஓரம் கட்டிய பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்டதற்கு, "அது எதுக்கு தம்பி, பானெட்டைத் தூக்கு" என்றார்.

வண்டியிலிருந்த சாக்குப்பையைப் பிரித்தார். அங்குல அளவு ஸ்பேனர்கள், சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், அடியை அமுக்கினால் டக் டக்கென்று சத்தம் போடும் நீள மூக்கு ஆயில் கேன். இதையெல்லாம் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! அப்பா காலத்தில் ஆயில் தகர டப்பாவில்தான் வரும். எதிரெதிரே இரண்டு ஓட்டை போட வேண்டும். ஒன்று ஆயிலுக்கு, ஒன்று காற்றுக்கு. காலி டப்பாவில் அம்மா கனகாம்பரம் வைப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியதுமே கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் ஃபைபர் கட்டை தேய்ந்து, பாயின்ட் திறக்கும் இடைவெளி அடைபட்டிருந்தது. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றி, அந்தக் கட்டையைத் தள்ளித் திறக்கும் கேமின் மேட்டு முனையில் நிறுத்தி, பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்ய 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) தகட்டைச் செருகினார். "லேசா பிடிக்கணும், இறுக்கக் கூடாது." என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் கேமில் துளி கிரீஸ்.

கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் மெக்கானிக்குகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டியில் அதை எங்கே மாட்டுவது?

காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள். புது பாயின்ட் செட் மாட்டிவிட்டேன் ஐயா, வண்டி நன்றாக ஓடுகிறது.