ஆண்டறிக்கை: சிலிண்டர் போர் ஓட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை என்றால் கூட்டம் நடந்தது, தீர்மானம் நிறைவேறியது, நன்றி என்று மூன்று பத்தியில் முடிப்பது வழக்கம். இந்த வருடம் அப்படி முடிக்க வழியில்லை. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வளவுதான் வழக்கமான சமாச்சாரம். ஆனால் எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் சீனாவிலிருந்து இறக்குமதியாகி வரும் மலிவு விலை பெர்ஃபார்மன்ஸ் பிளாக்குகளில்தான் (அதிக பவர் இன்ஜினுக்கான, சிலிண்டர்கள் உள்ள வார்ப்பு உடல்) வந்து நின்றது. சில நாள் சத்தமும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அந்த பிளாக்கை வாங்கியவர்களை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி குறைவு. செவர்லே ஸ்மால் பிளாக் என்ற வி8 இன்ஜின் 1955-ல் வந்தது. இன்று கைக்கு வரும் பழைய பிளாக்குகளில் பல ஏற்கெனவே போர் ஓட்டி ஓட்டி (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), இனி வெட்டச் சுவரில் இரும்பே இல்லை என்ற நிலையில்தான் இருக்கின்றன. ஃபோர்டு 302 என்ற வி8 இன்ஜின் கதையும் எல்லோருக்கும் தெரியும், 500 குதிரைத்திறனைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் உருளைகள்) இருக்கும் பள்ளத்தை ஒட்டி நீளவாக்கில் பிளந்துகொள்ளும். ஆகத் தடித்த டெக் (ஹெட் உட்காரும் மேல்முகம்), தடித்த சுவர், நான்கு போல்ட் மெயின் கேப் (கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் மூடி) எல்லாம் உள்ள புது வார்ப்பு ஒன்று பெயர் பெற்ற கம்பெனி கேட்பதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

வாங்கியதும் என்ன செய்கிறோம் என்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஒரு உறுப்பினர் கொண்டுவந்த ஸ்மால் பிளாக் மாதிரியை மேசையில் ஏற்றி, பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி, அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்க்க அருமையான பிளாக், டெக் கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் சிலிண்டரில் ஒரு பக்கம் 7 மி.மீக்கு மேல் காட்டியது, நேர் எதிர்ப்பக்கம் 4 மி.மீ கூட இல்லை. அடுத்த சிலிண்டரும் அதே மாதிரி, அதே பக்கம். அப்புறம் யாருக்கும் சந்தேகமே இல்லை, கோர் நகர்ந்திருக்கிறது. தண்ணீர் ஓடும் இடத்தை உண்டாக்க அச்சுக்குள் வைக்கிற மணல் கோர், உருக்கிய இரும்பை ஊற்றும்போது கொஞ்சம் மிதந்தோ தள்ளியோ நகர்ந்துவிட்டால் துளை சரியான இடத்தில்தான் போர் ஆகும், ஆனால் சுற்றியுள்ள இரும்பு ஒரு பக்கம் குவிந்து இன்னொரு பக்கம் தேய்ந்துவிடும். கண்ணுக்கோ விரலுக்கோ தெரியவே தெரியாது.

எந்தப் பக்கம் மெலிந்தது என்பதும் முக்கியம். ஸ்மால் பிளாக்கிலும் அதற்கப்புறம் வந்த எல்எஸ் வி8-லும் சிலிண்டர் மையத்துக்கும் மையத்துக்கும் நடுவே 4.400 அங்குலம்தான். 4.125 அங்குல போர் என்று விளம்பரம் போட்டால் இரண்டு துளைகளுக்கு நடுவே மிஞ்சுவது 0.275 அங்குலம், சுமார் 7 மி.மீ. அந்த அளவில் நடுவே தண்ணீர் விடாமல் இரண்டு சுவரையும் ஒட்டியே வார்ப்பார்கள், ஆகவே அங்கே பயம் குறைவு. பயம் எல்லாம் தண்ணீர் படும் இரண்டு பக்கங்களில். பவர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சாய்ந்து தள்ளுவதும் அதே பக்கங்களில் ஒன்றைத்தான். அந்தத் தள்ளும் பக்கத்தில் 5 மி.மீ இருந்தால் பெரிய பவருக்குத் துணிந்து போகலாம் என்பது நம் மூத்த மெஷினிஸ்டுகள் சொல்லும் கணக்கு. மேலே சொன்ன பிளாக்கில் மெலிந்தது சரியாக அதே பக்கம். டர்போ போட்டு ஓட்டியிருந்தால் சுவர் வளைந்து பிஸ்டன் ரிங் சீல் போயிருக்கும், இல்லை விரிசல் விட்டுத் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கும்.

மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீலுக்கு செட் செய்த மீட்டரை அப்படியே வார்ப்பிரும்பில் வைக்காதீர்கள். ஒலி ஸ்டீலில் நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் ஓடும், சாம்பல் வார்ப்பிரும்பில் 4,600 மீட்டரை ஒட்டித்தான், அதுவும் உள்ளே உள்ள கிராஃபைட் அளவைப் பொறுத்து ஏறி இறங்கும். ஸ்டீல் செட்டிங்கில் பார்த்தால் நிஜமான 5 மி.மீ சுவர் 6.4 மி.மீ என்று காட்டும். இதை வைத்து ‘என் பிளாக் சூப்பர்’ என்று சந்தோஷப்பட்டவர்கள் நம்மில் உண்டு. மைக்ரோமீட்டர் எட்டுகிற ஒரு இடத்தில், அதே பிளாக்கிலேயே, கையால் அளந்து அந்த எண் வரும் வரை மீட்டரைத் திருத்திவிட்டு அப்புறம் சுவருக்குப் போங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த உறுப்பினருக்குப் பிளாக்கை மாற்றித் தந்தார்கள். காரணம், அவர் இன்னும் கத்தி வைக்கவில்லை. கிட்டத்தட்ட இதே குறையோடு வந்த இன்னொருவர் போர் ஓட்டி, ஹோன் செய்து (துளையைக் கல்லால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து), பிஸ்டனும் வாங்கிவிட்டு வந்தார். விற்றவர் கையை விரித்துவிட்டார்: மெஷினிங் செய்த பிளாக்குக்கு உத்தரவாதம் கிடையாது, ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதே என்று. சங்கத்தின் சார்பில் நான் எழுதிய கடிதத்துக்கும் அதே வரிதான் பதிலாக வந்தது. சட்டப்படி அவர் சொல்வதில் ஓட்டை இல்லை என்று நம்மில் விவரம் தெரிந்தவரும் சொல்லிவிட்டார். ஆக, முதல் வெட்டு விழும் வரைதான் அந்த பிளாக் விற்றவர் தலைவலி, அதற்கப்புறம் அது நம் தலைவலி. வந்த அன்றைக்கே, பெட்டியைப் பிரித்த கையோடு அளக்க வேண்டும் என்று நான் வருடம் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான்.

சுவர் மட்டும் இல்லை. ‘ஃபினிஷ்டு’ என்று முத்திரை குத்தி வந்த பிளாக்குகளில் மெயின் லைன் (கிராங்க் ஷாஃப்ட் படுக்கும் துளைகளின் வரிசை) அளவு சரியாக இருந்தவை குறைவு. செவர்லே ஸ்மால் பிளாக் 350 மெயினுக்கு பேரிங் உட்காரும் துளை 2.6406 முதல் 2.6415 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது முழுதாக ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடம் கூடக் கிடையாது. ஒரு பிளாக்கில் முன் மெயின் சரியாக இருந்து நடு மெயின் லூசாக இருந்தது. கேப் போல்ட்டை வேறு நல்ல ஸ்டட்டுக்கு (தலையில்லாத மரைத் தண்டு) மாற்றினால் கேப் இழுபடும் விதமும் மாறும், திரும்பவும் லைன் ஹோன் செய்துதான் ஆக வேண்டும். டெக் இரண்டு பேங்கிலும் (வி வடிவத்தின் இரண்டு சிலிண்டர் வரிசைகளிலும்) ஒரே உயரத்தில் இல்லாமல், முன்னுக்கும் பின்னுக்கும் சரிந்து இருந்ததும் பார்த்தோம். அப்படியே விட்டால் சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன் மாறும். லிஃப்டர் துளை பெரிதாகப் போனால் ஆயில் பிரஷர் அங்கேயே வழிந்துவிடும். எட்டு சிலிண்டருக்குப் பதினாறு லிஃப்டர், சோம்பல் படாமல் பதினாறையும் அளக்க வேண்டும்.

சுத்தம் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். வாட்டர் ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம்) வார்ப்பு மணல் ஒட்டியபடியே வருகிறது. ஆயில் கேலரி (ஆயில் ஓடும் நீளத் துளை) பிளக்கைக் கழற்றினால் சுருள் சுருளாக இரும்புத் துகள். ஒரு பிளாக்கில் கேலரிக்குள் காந்தம் விட்டு எடுத்தபோது விரல் நுனி தடிமனுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பெனி போட்டு அனுப்பிய பிளக்கு என்று நம்பி யாரும் விட்டுவிடாதீர்கள், எல்லாவற்றையும் கழற்றி, நீள பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி ஆயில் தடவுங்கள். இதற்கு மீட்டரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

உலோகம் பற்றி நாம் கண்டுபிடிக்க முடிவது குறைவு. ‘நிக்கல் அதிகம்’ என்று விளம்பரத்தில் எழுத யாருக்கும் செலவில்லை. எந்தத் தடவை உருக்கி ஊற்றிய உலோகத்தில் வார்த்தது என்ற எண்ணே இல்லாமல் வரும் சான்றிதழை நான் காகிதமாகத்தான் பார்ப்பேன். நம்மால் ஆனது பிரினெல் கடினம் (குண்டை அழுத்தி அளக்கும் கடினத்தன்மை) பார்ப்பது. நல்ல வார்ப்பிரும்பு பிளாக் 200-ஐ ஒட்டி நிற்கும், ரொம்பக் கீழே போனால் போர் சீக்கிரம் தேயும், பேங்குக்குப் பேங்கு வித்தியாசம் வந்தால் ஆறவிட்ட விதத்திலேயே கோளாறு என்று அர்த்தம். இன்னொன்று, வார்த்தபின் உலோகத்துக்குள் தங்கிவிடும் இழுவிசை. அதை 500, 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துத் தளர்த்துவார்கள். அந்த வேலையைத் தவிர்த்தால் வார்ப்படசாலைக்கு உலைச் செலவு மிச்சம். ஆனால் நாம் நேராக வெட்டிய மெயின் லைன் சில முறை சூடேறி ஆறியதும் கோணிக்கொள்ளும், பழி மெஷினிஸ்ட் மேல் விழும்.

அலுமினிய பிளாக் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏ356 மாதிரி உலோகத்தை டி6 பதம் என்று சொன்னால், சுமார் 540 டிகிரியில் வைத்து, சட்டென்று குளிரவைத்து, அப்புறம் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் பழுக்க வைத்திருக்க வேண்டும். இதில் ஒரு படி போனாலும் ஸ்டட்டை முறுக்கும்போது மரை கழன்று கையோடு வரும். ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகிய குழாய்) எல்லாம் டெக்குக்கு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், ஒன்று இறங்கினாலும் ஹெட் கேஸ்கட் ஊதும்.

இதையெல்லாம் வைத்து ‘அந்த நாட்டுச் சரக்கே கூடாது’ என்று தீர்மானம் போடச் சிலர் கேட்டார்கள். நான் எதிர்த்தேன், குழுவிலும் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். உலகத்திலேயே அதிகம் வார்ப்பு செய்வது சீனா, அங்கே கார் கம்பெனிகளுக்கே வார்த்துக் கொடுக்கும் ஆலைகள் இருக்கின்றன, அவர்களுக்கு மணல் கோரை அசையாமல் பிடிக்கத் தெரியாதா என்ன. நமக்கு வருவது அந்தக் கட்டுப்பாடு எதுவும் கேட்காமல், விலையை மட்டும் கேட்டு வாங்கிய சரக்கு. அளந்து பார்த்ததில் சுவர் நன்றாக, சீராக இருந்த இறக்குமதி பிளாக்கும் நம்மிடம் வந்தது. அதை லைன் ஹோன் செய்து, டெக் சரிசெய்து, டார்க் பிளேட் (ஹெட் முறுக்கியது போல அழுத்தம் தரும் தடித்த தகடு) போட்டு ஹோன் செய்து கட்டிய இன்ஜின் இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்த மெஷினிங் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்த அதன் சொந்தக்காரர், பெயர் உள்ள பிளாக்கையே வாங்கியிருக்கலாமோ என்று கேட்டார். கூட்டினால் வித்தியாசம் அவ்வளவு சுருங்கிவிட்டது. வாங்கும் முன்னரே இந்தக் கூட்டலைப் போட்டுக்கொள்வது நல்லது.

குழு முடிவு செய்திருப்பது இது. சங்கத்துக்காக வாங்கிய தடிமன் மீட்டரும் துளை அளக்கும் போர் கேஜும் உறுப்பினர் யாருக்கும் இரவல் கிடைக்கும். அளந்த எண்களை ஒரே மாதிரித் தாளில், சிலிண்டருக்கு நாலு பக்கம், மேல், நடு, கீழ் என்று எழுதி, வார்ப்பு எண்ணோடு சங்கக் கோப்பில் ஒரு பிரதி வைக்க வேண்டும். எந்த வார்ப்பில் எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று அடுத்த வருடம் வாயால் சண்டை போடாமல் தாளைப் பார்த்துப் பேசலாம். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும்போதும் இந்தத் தாள்தான் பேசும். வாங்கும்போதே ‘சோனிக் டெஸ்டில் (தடிமன் மீட்டர் சோதனையில்) குறை தெரிந்தால் திருப்பி எடுப்போம்’ என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சோனிக் டெஸ்ட் பயிற்சி நாள் ஒன்று வைக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்டிருக்கிறார்கள், தேதி அடுத்த குழுக் கூட்டத்தில் முடிவாகும்.

தங்கள் மெஷினைக் காசு வாங்காமல் ஓட்டிக் கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கு நன்றி. மீட்டரை எடுத்துப் போகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகவும், மீட்டர் முனைக்குத் தடவும் ஜெல் பாட்டில் காலியானால் நிரப்பி வைக்கவும். போர் கேஜின் நீட்டிப்புத் துண்டு ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை, வைத்திருப்பவர் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டோம்.

செயலாளர்