பேஸ்பால் பேட் வாங்கும்போது பெயிண்ட பாக்காதீங்க, நார் ஓடுற வழியப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் கோத்தகிரில கடைசல் பட்டறை வெச்சிருக்கேன். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை, பருப்பு மத்து, இதான் நம்ம தொழில். உங்க பேப்பர தினமும் காலைல டீக்கடைல படிச்சுட்டுத்தான் பட்டறை தொறப்பேன். ஒரு விசயம் ரொம்ப நாளா உறுத்துது, பேஸ்பால் மட்டைன்னு உங்க பேப்பர்ல வந்தா அது அடிதடி செய்தியிலதான் வருது, விளையாட்டுப் பக்கத்துல வந்து நான் பாத்ததில்ல. அந்த அடிதடி மட்டையும் பாதி நேரம் பேஸ்பால் மட்டையே கெடையாது, கார் டிக்கில போட்டு வெக்கிறதுக்குன்னு விக்கிறாங்களே, உருட்டுக்கட்டைய ஒரு முனைல பருமனா கடைஞ்சு கறுப்பு பெயிண்ட் அடிச்சது, அது. அத வெச்சு பந்த அடிச்சா பந்து போகாது, கட்டைதான் போகும்.

சிரிக்கிறதுக்கு சொல்லலீங்க, எங்க ஊர்ல அப்படித்தான் போச்சு.

என் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா, ஸ்கூல்ல பேஸ்பால் டீம்ல இருக்கா. போன வருசம் டீமுக்கு ஆறு பேட் வந்துச்சு, எந்தக் கடைன்னு இங்க வேண்டாம், பளபளன்னு சிவப்பு பெயிண்ட், இம்போர்ட்டட்னு ஸ்டிக்கர். மொத நாள் ப்ராக்டிஸ்லயே ஒண்ணு கைப்பிடிக்கு மேல படக்குனு ஒடஞ்சு, மேல் துண்டு சுத்திக்கிட்டே போயி ரெண்டாவது பேஸ்ல (ரன் எடுக்க ஓடிப் போயி தொடுற எடம்) நின்ன புள்ளையோட காதுக்குப் பக்கத்துல போச்சுன்னு சொல்றாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். பி.டி. மாஸ்டர் சாயங்காலம் அந்த ரெண்டு துண்டையும் சாக்குல போட்டு பட்டறைக்கு எடுத்துட்டு வந்தாரு, "அண்ணா, இத ஒட்ட முடியுமா"ன்னாரு. ஒட்றதா, மாஸ்டர் இத பாருங்கன்னு காட்டுனேன். ஒடஞ்ச எடம் குறுக்கால ஒடயல, சரிவா கத்தி முனை மாதிரி நீளமா பொளந்திருக்கு. விறகு பொளக்குற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, மரம் நார் போற வழிலதான் பொளக்கும். இந்த பேட்ல நார் நேரா போகாம ஒரு பக்கமா சாஞ்சு வெளிய வந்துட்டு இருந்திருக்கு, அதுக்கு மேல ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டாங்க.

அதுலருந்து எனக்கு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி ராத்திரி போன்ல இதையே படிச்சேன், பொண்ணு இங்கிலீஷ்ல வாசிச்சு அர்த்தம் சொல்லுவா. அமெரிக்காவுல பெரிய லீக் ஆட்டத்துல பேட் ஒரே மரத்துண்டுல செஞ்சதா இருக்கணும், உருண்டையா வழவழன்னு இருக்கணும், பருத்த எடத்துல குறுக்களவு 2.61 இன்ச்சுக்கு மேல கூடாது, நீளம் 42 இன்ச்சுக்கு மேல கூடாது. முன்னாடி 2.75 இன்ச்சு வரைக்கும் விட்டிருந்தாங்க, 2010லதான் கொறச்சாங்க. ஒரு காலத்துல ஒரு பக்கம் தட்டையான பேட்டுக்கூட இருந்துச்சாம், 1893ல இருந்து முழுக்க உருண்டைதான். முனைல கிண்ணம் மாதிரி குடைஞ்சுக்கலாம், ஆழம் ஒண்ணேகால் இன்ச்சு வரைக்கும், எடை கொறையும். கிரிக்கெட் பேட்டுக்கு அகலம் 108 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது, பேஸ்பால் பந்துல 108 ஜோடி தையல், நமக்கு 108ன்னா ஆம்புலன்ஸ். இத பொண்ணுகிட்ட சொன்னேன், அவ சிரிக்கல.

மரம்தாங்க முக்கியம். அங்க ரொம்ப காலமா ஆஷ்ங்கிற மரத்துலதான் செஞ்சாங்க, அதுக்கும் முன்னாடி ஹிக்கரி, அந்தக் காலத்து பெரிய ஆட்டக்காரர் பேப் ரூத் எல்லாம் ஒரு கிலோவுக்கு மேல எடையுள்ள கட்டைய சுழட்டுனவரு. அப்பறம் மேப்பிள் வந்துச்சு. 2001ல பேரி பாண்ட்ஸ்ங்கிற ஆட்டக்காரர் மேப்பிள் பேட்ட வெச்சு ஒரே சீசன்ல 73 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சதும் எல்லாரும் மேப்பிளுக்கு ஓடிட்டாங்க. ஆஷ் மரத்துக்கு வேற ஆபத்து வந்துச்சு, ஆசியாவுல இருந்து போன ஒரு பச்சை வண்டு, 2002ல மிச்சிகன்ல கண்டுபிடிச்சாங்க, பட்டைக்குள்ள போயி கோடிக்கணக்குல ஆஷ் மரத்த காலி பண்ணிடுச்சு. தேயிலைக் கொசுங்கிற பூச்சி வந்தா நாம படுற பாடு ஞாபகம் வந்துச்சு எனக்கு.

ஆஷுக்கும் மேப்பிளுக்கும் வித்தியாசம் என்னன்னா, ஆஷ் அடி வாங்க வாங்க மேல ஏடு ஏடா உரியும், இன்னிக்கு நாளைக்கு போயிடுவேன்னு சொல்லிட்டுத்தான் போகும். மேப்பிள் சொல்லாது. நல்லா இருக்கிற மாதிரியே இருந்துட்டு ஒரே அடில ரெண்டா மூணா பறக்கும். 2010ல டைலர் கால்வின்னு ஒரு பிளேயர், மூணாவது பேஸ்ல இருந்து ஓடிட்டு இருக்காரு, சக ஆட்டக்காரர் பேட் ஒடஞ்சு அதோட சில்லு அவரு நெஞ்சுல குத்திடுச்சு, ஆஸ்பத்திரில சேத்தாங்க. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே, 2008ல, ஒடஞ்ச பேட்டுங்க ரெண்டாயிரத்துக்கு மேல சேத்து வெச்சு அமெரிக்க வனத்துறையோட மர ஆராய்ச்சிக்கூடத்துல ஒவ்வொண்ணா பாத்திருக்காங்க. பாத்து சொன்னது என்ன தெரியுங்களா, எங்க அப்பா எனக்கு பன்னெண்டு வயசுல சொன்னதேதான். நார் சாஞ்ச கட்டைய கடைசலுக்கு போடாதேன்னு.

ஆனா எங்க அப்பாவுக்கு தெரியாத ஒண்ணு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு, அது மை வெக்கிறது. மேப்பிள்ல கண்ணுக்கு தெரியுற வரி வேற, நார் ஓடுற வழி வேற, வரிய நம்புனா ஏமாந்துடுவோம். அதனால கைப்பிடில ஒரு சொட்டு மை விடணும். மை நாருக்குள்ள எறங்கி அது போற வழில சின்னதா ஒரு கோடு இழுக்கும். அந்தக் கோடு பேட்டோட நீளத்துக்கு நேரா இருந்தா நல்ல பேட், சாஞ்சிருந்தா 3 டிகிரி வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல போனா பெரிய ஆட்டத்துக்கு எடுக்க மாட்டாங்க. இந்த விதி வந்தப்பறம் துண்டு துண்டா ஒடயுறது பாதியா கொறஞ்சுடுச்சு. ஒரு சொட்டு மைங்க, வேற செலவே இல்ல.

ஞாயித்துக்கெழம மிச்சம் இருந்த அஞ்சு பேட்டையும் பட்டறைக்கு கொண்டு வரச் சொன்னேன். கைப்பிடி பெயிண்ட உப்புத்தாள் போட்டு தேச்சு வெள்ளை மரம் தெரியுற வரைக்கும் எடுத்தோம். பொண்ணு பேனா மைய குச்சில தொட்டு ஒரு சொட்டு வெச்சா. மொதல்ல உருண்டையா நின்னுச்சு, அப்பறம் மெதுவா எறும்பு ஊர்ற மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு. ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருந்து கோணமானி எடுத்து வெச்சா, பத்து டிகிரி. இன்னொண்ணு எட்டு. அஞ்சுல ஒண்ணே ஒண்ணுதான் நேரா இருந்துச்சு. கைப்பிடி ஒரு இன்ச்சு தடிமன்தான், பத்து டிகிரி சாஞ்சா ஒரு ஜாண் போறதுக்குள்ள நார் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வந்துடும், அப்பறம் என்ன பிடிமானம் இருக்கும் சொல்லுங்க. மாஸ்டர் ஒண்ணும் பேசல. அந்த நாலையும் அங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு.

சரி நாமளே கடைஞ்சு குடுக்கலாம்னு எறங்குனேன், அதுல பட்டதையும் சொல்லிடறேன், வேற யாராச்சும் முயற்சி பண்ணுவாங்கல்ல. மொதல்ல கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், நம்ம மலைல அதுக்கா பஞ்சம். 33 இன்ச்சுல கடைஞ்சு மளிகைக் கடை தராசுல வெச்சா 1 கிலோ 200 கிராம், அங்க ஆட்டக்காரங்க பேட்டு பெரும்பாலும் 900 கிராம் பக்கம்தான். புள்ளைங்க தூக்கவே முடியல. போதாக்கொறைக்கு கற்பூர மரம் முறுக்கு மரம், காயக் காய திரும்பும், பத்து நாள்ல வாழைக்காய் மாதிரி ஆயிடுச்சு. அப்பறம் சில்வர் ஓக், தேயிலைக்கு நடுவுல நெழலுக்கு வெச்சது, அத வெட்டணும்னாகூட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்துல அனுமதி வேணும், நல்லவேளை என்கிட்ட பழைய கட்டை ஒண்ணு கெடந்துச்சு. எடை நல்லா கொறச்சல், கடையறதுக்கு வெண்ணெய் மாதிரி, ரேகை அழகுன்னா அழகு. பந்து பட்ட எடம் எல்லாம் குழி. மூணாவது சீகை, வாட்டில்னு சொல்ற மரம், பரண்ல ரெண்டு வருசம் காஞ்சது, மை வெச்சுப் பாத்து நேரா இருந்த துண்ட மட்டும் எடுத்து 31 இன்ச்சுல கொஞ்சம் ஒல்லியா கடைஞ்சேன், முனைல கிண்ணம் குடைஞ்சேன். அது நிக்குது. ஆனாலும் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், ப்ராக்டிஸுக்கு வெச்சுக்கங்க, போட்டிக்கு ஆஷோ மேப்பிளோ சரியானது வாங்குங்க, இல்லாட்டி அலுமினியம் வாங்குங்கன்னு. அமெரிக்காவுலயே ஸ்கூல், காலேஜ் பசங்க அலுமினியத்துலதான் ஆடுறாங்க, மரம் ஒடஞ்சா செலவு தாங்காதுன்னு. அதுலயும் பந்து ஸ்பிரிங் மாதிரி ரொம்ப தெறிச்சுப் போகக்கூடாதுன்னு 2011ல இருந்து காலேஜ்ல அளவு கட்டிட்டாங்க.

கைப்பிடி விசயம் ஒண்ணு சொல்லாம விட முடியாது. எங்க ஊர்ல மூணு மணிக்கே மஞ்சு எறங்கிடும், கை வழுக்கும், நான் சைக்கிள் டியூப அறுத்து சுத்திக் குடுத்தேன். இது விதிப்படி சரியான்னு ஒரு பெத்தவரு கேட்டாரு. அடில இருந்து 18 இன்ச்சு வரைக்கும் பிடிமானத்துக்கு எது வேணா சுத்தலாம் தடவலாம், அதுக்கு மேலதான் கூடாது. இந்த 18 இன்ச்சுக்காக 1983 ஜூலை 24ல நியூயார்க்ல பெரிய கூத்தே நடந்திருக்கு. ஜார்ஜ் பிரெட்னு ஒருத்தர் ஹோம் ரன் அடிச்சு உள்ள போயி உக்காந்துட்டாரு, எதிர் டீம் மேனேஜர் வந்து, அவரு பேட்ல பைன் தார், கை வழுக்காம இருக்க தடவுற பிசின், ரொம்ப மேல வரைக்கும் தடவியிருக்குன்னு புகார் குடுத்தாரு. அம்பயர்கிட்ட டேப்பு இல்ல, பேட் பிடிக்கிறவரு பக்கத்துல தரையில பதிச்சிருக்கிற, 17 இன்ச்சு அகலம் இருக்கிற ஹோம் பிளேட் மேல பேட்ட படுக்க வெச்சு அளந்து அவுட்டுன்னுட்டாரு. பிரெட் வெளிய பாஞ்சு வந்த வேகத்த வீடியோல பாக்கணும், நாலு பேரு பிடிச்சும் நிக்கல. அப்பறம் லீக் தலைவரு, தார் தடவுனதுனால பந்து தூரமா போயிடாது, ஹோம் ரன் செல்லும்னு தீர்ப்பு சொல்லி, ஆகஸ்ட் 18ந்தேதி விட்ட எடத்துல இருந்து ஆடி முடிச்சாங்க, பிரெட்டோட டீம் 5-4ல ஜெயிச்சுது. நல்ல தீர்ப்புங்க.

2025ல டார்பிடோ பேட்னு ஒண்ணு பிரபலமாச்சு, எம்.ஐ.டி.ல இயற்பியல் படிச்சவரு யோசனை, பந்து அதிகமா படுற எடத்துல பருமன ஏத்தி முனைய ஒல்லி ஆக்கிட்டாரு. பாத்தா கர்லாக்கட்டைய இழுத்து நீட்டுன மாதிரி இருக்கும். பருமன் எவ்வளவுன்னுதான் விதி இருக்கு, எந்த எடத்துலன்னு இல்ல, அதனால செல்லும். ஸ்னூக்கருக்கு விதி எழுதி மாட்டுனது நம்ம ஊட்டி கிளப்லதான் 1882லன்னு சொல்லுவாங்க, அந்த ஊருக்கு பக்கத்துல இருந்துட்டு குச்சிய வெச்சு ஆடுற ஆட்டத்துல விதிய பத்தி நமக்கு அக்கற இல்லாம இருக்கலாங்களா.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. விளையாட்டுப் பக்கத்துல கால் பத்தி எடம் குடுத்து இந்த மை வெக்கிற விசயத்த போடுங்க. ஸ்கூலுக்கு சாமான் வாங்குறவங்க ஆர்டர்ல வெறுமனே "மரமட்டை 6"ன்னு எழுதாம, நீளம், எடை, என்ன மரம், கைப்பிடில பெயிண்ட் இருக்கக்கூடாது, இத எழுதட்டும். அடிதடி செய்திலயும் உருட்டுக்கட்டைய உருட்டுக்கட்டைன்னே போடுங்க.

ஜப்பான்ல ஒடஞ்ச பேட்ட எல்லாம் சாப்புடுற குச்சியா செஞ்சு விக்கிறாங்களாம். நான் அந்த சிவப்பு பேட்டோட துண்ட மத்தா கடைஞ்சேன், வீட்டுக்காரம்மா ஒரு நாள் பருப்பு கடைஞ்சுட்டு, காம்பு விரிசல் விடுதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

மை வெச்ச கைப்பிடி போட்டோ ரெண்டு இதோட வெச்சிருக்கேன். நேரா இருக்கிறது ஒண்ணு, சாஞ்சது ஒண்ணு. கலர்ல போடுங்க, கறுப்பு வெள்ளைல மைக்கோடு தெரியாது.

இப்படிக்கு,
ஒரு கடைசல் பட்டறைக்காரன்,
கோத்தகிரி.